பெட்டி விடுகிற மூச்சு

அத்தியாயம் 11

“கையைத் திருப்பு” என்றாள் குணசுந்தரி.

கிரேஸ் திருப்பினாள். சூப்பர்வைசர் குணசுந்தரி அந்தக் கையைத் தொடவில்லை. பேனாவின் பின்பக்கத்தால் மணிக்கட்டை நெம்பி, செத்த எலியைக் குச்சியால் புரட்டுகிற மாதிரி புரட்டிப் பார்த்தாள்.

சேமியா கம்பெனியில் காலை ஷிப்டு உள்ளே போவதற்கு முன்னால் கை பார்ப்பது வழக்கம். வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு பெண்கள் கேட்டருகே வரிசையில் நிற்பார்கள். நகம் வளர்ந்திருந்தால் திட்டு. வெட்டுக்காயம் இருந்தால் மூட்டை தூக்கும் பக்கம் மாற்றிவிடுவார்கள். சொறி என்றால் வீட்டுக்குத்தான். இன்றைக்கு கிரேஸுக்கு முன்னால் நின்றவளும் பின்னால் நின்றவளும் ஆளுக்கு ஓரடி நகர்ந்துகொண்டார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

விரலிடுக்கிலிருந்து முழங்கை வரை சிவப்பு. பொடிப்பொடியாகக் கிளம்பி, சொறிந்த இடத்தில் தோல் வழன்று, வழன்ற இடத்தில் நீர் கோத்து நின்றது. இது தன்னுடைய கைதானா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ராத்திரி சோறு பிசையும்போது கூட ஸ்பூன் எடுத்துக்கொண்டாள்.

“இந்தக் கையோட உன்ன மாவு தொட வுட்டேன்னா நாளைக்கு நான் ஊட்ல குந்தணும்” என்றாள் குணசுந்தரி. பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். “திங்கக்கிழமை பர்மனென்ட் லிஸ்ட் போடறாங்கடி. உன் பேர நான்தான் எழுதிக் குடுத்தேன். இது ஒட்டற நோவு இல்லன்னு நம்ம கம்பெனி டாக்டரம்மா கையெழுத்துப் போட்டா வா. இல்லாங்காட்டி உனக்குக் கீழ இருக்கறவ மேல ஏறிக்குவா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

கிரேஸ் தலையாட்டினாள். கான்ட்ராக்ட் ஆளாகவே மாவுத் தூசியில் எத்தனையோ தீபாவளியும் கிறிஸ்துமஸும் கழித்தாயிற்று. கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கினால் ஆஸ்பத்திரிச் செலவு அவர்களுடையது, மகள் படிப்புக்கு உதவி உண்டு, காலையில் எழுந்ததும் இன்றைக்கு வேலை உண்டா என்று பயப்பட வேண்டாம். அது கைக்கு எட்டுகிற நேரத்தில் கையே இப்படி ஆகிவிட்டது.

வலைத்தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு சிப்காட் ரோட்டில் நடந்தாள்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கிரேஸின் புருஷன் தானியேலுக்கு அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. விடியற்காலை லோக்கல் ரயிலில் போய் மத்தியானத்துக்கு மேல் திரும்புவான். அவன் தம்பி மோசஸ், வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரை இழுத்து மூடிவிட்டார்கள் என்று, ஒரு பழைய கம்ப்யூட்டரையும் ஒரு மூட்டை ஒயரையும் தூக்கிக்கொண்டு ஆடி மாதம் இவர்கள் வீட்டில் வந்து இறங்கினான். ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு ரூம் வீட்டில் ஒரு ரூம் தியேட்டர் ஆகிவிட்டது.

தியேட்டர் என்றால் சும்மா இல்லை. ரிச்சி தெருவில் அலைந்து ஒரு சவுண்டு கார்டு வாங்கி வந்து கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து சொருகினான். கம்ப்யூட்டரோடு ஒட்டிப் பிறந்த சவுண்டு உதவாது, மவுஸை நகர்த்தினால் கூட ஸ்பீக்கரில் கொர்ரென்று கேட்கும், தனி கார்டு போட்டால் பிணம் மாதிரி அமைதி, அந்த அமைதியிலிருந்துதான் பாட்டு எழுந்திரிக்க வேண்டும் என்று பாடம் எடுத்தான். கார்டின் பின்னால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று துளை. பச்சை முன்னால் பேச, கறுப்பு முதுகுக்குப் பின்னால் பேச, ஆரஞ்சு நடுவில் பேசவும் நெஞ்சில் இடிக்கவும். மூலைக்கு ஒரு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, போதாததற்கு அடிச்சத்தத்துக்கென்று பிளைவுட்டில் அடித்த ஒரு பெரிய பாஸ் பெட்டி. முதல் நாள் ஆரஞ்சு ஒயரை மாற்றிச் சொருகிவிட்டதால் கதாநாயகி பேசியதெல்லாம் பாஸ் பெட்டிக்குள் இருந்து கொட்டாவி விடுகிற எருமைக் குரலில் வந்தது. தெருவே சிரித்தது. கிரேஸும் சிரித்தாள். அவள் அந்த ரூமில் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம்தான் நோவு வந்தது. முதலில் மகள் ஸ்நேகாவுக்கு முழங்கால் மடிப்பிலும் கழுத்திலும். பிறகு கிரேஸுக்கு. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாள். கந்தக சோப்பு, மருந்துக்கடையில் கொடுத்த எரிகிற லோஷன், எல்லாம் பார்த்தாயிற்று. தேய்க்கத் தேய்க்கப் பிள்ளை அலறும். அலறியதுதான் மிச்சம். வீட்டுக்காரி ஜானகியம்மாள், எல்லாரும் பிடித்த பிறகு கடைசியாகத் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். கிரேஸ் தொட்ட குழாயை மறுநாள் சாம்பல் போட்டுக் கழுவியும் காட்டினாள்.

ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்ப்பார்களே என்று கிரேஸ் வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். கைகளைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டாள். இரும்பு உருக்குகிற கம்பெனிப் புகை வாயில் கசந்தது. லாரிகள் வாரியடித்த மண் வியர்வையில் ஒட்டி, கை எரிந்தது.

தெருமுனை திரும்பும்போதே காலுக்கடியில் அது தெரிந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. வயிற்றைக் கலக்குகிற ஒரு அதிர்வு. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தகரக் கதவு தானாகவே கிடுகிடுத்தது.

தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மோசஸ் பாஸ் பெட்டிக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டும் இல்லை, படமும் இல்லை. ‘ஊம்... ஊம்... ஊம்’ என்று ஒரே குரல். அண்ணியைப் பார்த்ததும் பதறி எழுந்து, நாளைக்குத் திருநின்றவூரிலிருந்து ரகு சார் வருகிறார், புது ஃபிளாட் வாங்கியிருக்கிறார், இதைக் கேட்டுப் பிடித்துவிட்டால் தன் வீட்டுக்கும் இதே மாதிரி போட்டுத் தரச் சொல்வார், இது தன்னுடைய முதல் ஆர்டர், அதனால்தான் செக் பண்ணுகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னான். வேலைக்குப் போகாமல் அவள் ஏன் திரும்பி வந்தாள் என்று கேட்கவில்லை. அவனுக்கு அது தோன்றவே இல்லை.

கிரேஸ் அவனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ரூமுக்கு எப்போதுமே வெளிச்சம் கிடையாது. சுவர் நாலிலும், ஜன்னல் மேலும், பந்தல்காரனிடம் வாங்கிய பழைய நீலத் துணியை இழுத்துக் கட்டி வைத்திருந்தான் மோசஸ். வெறும் செங்கல் சுவரும் சிமென்ட் ஷீட்டும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், துணி கட்டினால் உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று இன்டர்நெட்டில் போட்டிருக்கிறதாம். இன்றைக்கு ஒயரைப் பார்ப்பதற்காக ஜன்னல் துணியை ஒரு பக்கம் தூக்கிச் சொருகியிருந்தான். காலை வெயில் ஒரு பலகை மாதிரி உள்ளே இறங்கி, நேராகப் பாஸ் பெட்டியின் முன்னால் விழுந்திருந்தது.

பெட்டிக்கு ஒரு வாய் இருந்தது. பிளம்பிங் குழாயை வெட்டிப் பொருத்திய, கை நுழைகிற வட்டம். பெட்டி ‘ஊம்’ என்கிறபோதெல்லாம் அந்த வாயிலிருந்து காற்று வந்தது. காற்றோடு வெயிலில் எதுவோ மின்னியது. மீன் செதிலைத் தூளாக்கி ஊதினாற்போல, ஊசி ஊசியாக, பொடிப்பொடியாக. மேலே போய், சுழன்று, நிதானமாகக் கீழே இறங்கியது. எங்கே இறங்கியது என்று அவள் பார்த்தாள். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாய் மேல். ஸ்நேகாவின் தலையணை மேல். மடித்து வைத்திருந்த தன்னுடைய கம்பெனிப் புடவை மேல்.

பெட்டி மறுபடியும் மூச்சு விட்டது.

அவள் குனிந்து உள்ளங்கையை அந்த வாய்க்கு நேராக நீட்டினாள். குளுமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தோலுக்குள் யாரோ நடக்கிற மாதிரி இருந்தது. பிறகு பழகிய அரிப்பு.

“இத நிறுத்துடா.”

நிறுத்தினான்.

“இதுக்குள்ள இன்னா வெச்சிருக்க?”

பஞ்சுதான் என்றான் மோசஸ். காலி பெட்டியாக விட்டால் தகர டப்பா மாதிரி சத்தம் வரும், பஞ்சு அடைத்தால் கெட்டியாக வரும், சுவரிலும் துணிக்குப் பின்னால் அதையேதான் வைத்திருக்கிறேன் என்றான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

கிரேஸ் நீலத் துணியின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ஆணிகள் தெறித்தன. பின்னால் தரையிலிருந்து ஜன்னல் உயரம் வரைக்கும், பச்சை கலந்த மஞ்சளில், கம்பளி மாதிரி மொத்தையாக, மரச்சட்டத்துக்குள் அடைத்துக் கிடந்தது. அங்கங்கே கருகியும் இருந்தது. நாய்க்குச் சொறி பிடித்து மயிர் கொட்டியது போல ஒரு இடத்தில் பிய்ந்து தொங்கியது. இதன் அடியில்தான் தினமும் பிள்ளையைப் படுக்க வைத்தோம் என்று நினைத்தபடி மோசஸ் பக்கம் திரும்பினாள்.

“எங்க கெடச்சுது இது?”

“அண்ணன்தான் கொண்டாந்தாரு அண்ணி. அவுங்க பாய்லர் கொழாய்க்கு சுத்துவாங்களாமே, அது. கயிட்டிப் போட்டது. கடையில இதுக்கு எவ்ளோ கேக்கறாங்க தெரிமா?” என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். “இன்னா அண்ணி, இதுலயா...?”

சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைக் காட்டினான். அவனுக்கும் இடுப்பைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. “வேர்க்குருன்னு நெனச்சு பவுடர் போட்டுக்கினு இருக்கறேன்” என்றான். பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது. இருபத்திநாலு மணி நேரமும் காதாலேயே வாழ்கிறவனுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது அரித்தால்கூடத் தெரியவில்லை.

கிரேஸ் பாயையும் தலையணையையும் வெளியே தூக்கி எறிந்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம். ஸ்நேகாவை வெந்நீரில் உட்காரவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை துடித்துக்கொண்டிருந்தது. தானியேல் பீடியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சுடுதண்ணி வேண்டாம், பச்சைத் தண்ணி ஊத்து, தேய்க்காதே என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். மண்ணெண்ணெய்க்குக் கணக்குப் பார்க்கிறான் என்று அவள் கோபப்பட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அவன் திரும்பி வரவில்லை. முன்ரூமில் போய்ப் படம் பார்த்தான்.

அவன் வேலை செய்யும் இடத்துப் பழக்கம் அவளுக்கும் தெரியும். புதிதாக வருகிற ஆளுக்கு அங்கே முதலில் அதைத்தான் சொல்லித் தருவார்களாம். உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு பாய்லர் குழாய் வேலைக்கு இறங்கு. முடிந்ததும் பச்சைத் தண்ணீரைக் கொட்டு. தேய்க்காதே, சொறியாதே, தேய்த்தால் உள்ளே ஏறும். கல்யாணமான புதிதில் அவனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

அப்படியானால் அவனுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

மதியம் ஸ்நேகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பச்சைத் தண்ணீரை மெதுவாக மேலே ஊற்றினாள். தேய்க்கவில்லை. “எரியலம்மா” என்றது பிள்ளை, ஆச்சரியமாக. இன்னொரு சொம்பு ஊற்றச் சொன்னது. கிரேஸ் ஊற்றினாள்.

தானியேல் வரும்போது மோசஸ் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து தெருவைப் பார்த்துக்கொண்டான். உள்ளே கிரேஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பாலிதீன் கவர், வாய் இறுக்கிக் கட்டியது. உள்ளே ஒரு பிடி மஞ்சள் பஞ்சு.

தானியேல் அதைப் பார்த்தான். டிபன் பையை ஆணியில் மாட்டினான். அந்தப் பையில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்திருக்கிறான் என்று இப்போது புரிந்தது. எவ்வளவு பெரிய பஞ்சையும் அழுத்தினால் ஒரு சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் அடங்கிவிடும். அந்தப் பையைத்தான் தினமும் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் மாட்டினான்.

“உனுக்கு அரிக்காதா?” என்று கேட்டாள்.

“சேந்த புதுசுல அரிச்சுது. இப்ப ஒண்ணும் தெரில.” முன்கையைத் தடவிக்கொண்டான். எருமைத் தோல் போல இருந்தது அது.

“பாப்பாவுக்கு வந்தப்பவே இதுதான்னு தெரியுமா உனுக்கு?”

அவன் தண்ணீர் மொண்டு குடித்தான். சொம்பை வைத்தான். மறுபடியும் எடுத்தான்.

“உன்னத்தான் கேக்கறேன்.”

“போவப் போவப் பழகிடும்னு நெனச்சேன்” என்றான் தானியேல். “எனக்குப் பழகிடுச்சில்ல.”

கிரேஸுக்கு அவன் திருடியது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. மோசஸ் போட்ட கூத்தும் பெரிதாகத் தெரியவில்லை. தன் தோல் செத்துப்போனதை ஒரு படிப்பு மாதிரி நினைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையும் அதைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒருத்தன் வீட்டில் படம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவனோடுதான் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். அவன் பக்கத்தில் படுத்திருக்கிறாள். கை அரித்ததைவிட இது அரித்தது.

அவன் ஏதேதோ சொன்னான். தம்பி ஆசைப்பட்டுக் கேட்டான், தூக்கி எறிகிற சாமான்தானே, தெருவில் எல்லாரும் தியேட்டர்காரர் வீடு என்று மரியாதையாகச் சொன்னார்கள், இத்தனை வருஷத்தில் யார் நம் வீட்டைத் தேடி வந்தார்கள் என்றான். நோவு வந்ததும் சொல்லியிருக்கலாம், ஆனால் வாய் வரவில்லை என்றான். வெளியே தெரிந்தால் கான்ட்ராக்டர் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வான், கழற்றிப் போட்டதாக இருந்தாலும் திருட்டு திருட்டுதான், போலீஸ் வரைக்கும் போகும் என்றான்.

“அத இன்னாத்துக்கு கவருல கட்டி வெச்சிருக்க?”

“டாக்டரம்மா கிட்ட காட்டறதுக்கு. இதாலதான் வந்துது, ஒட்டாதுன்னு அவங்க எழுதிக் குடுத்தாத்தான் திங்கக்கிழமை என்னை உள்ள வுடுவாங்க.”

“எங்க கெடச்சுதுன்னு கேப்பாங்களே.”

“கேப்பாங்க.”

வாசலிலிருந்து மோசஸ் தலையை நீட்டினான். எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிடுகிறேன், ஆனால் நாளைக்கு ஒரு நாள் மட்டும், ரகு சார் வந்து கேட்டுவிட்டுப் போய்விடட்டும் என்றான். கிரேஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். சற்று நேரத்தில் முன்ரூமில் ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, பஞ்சைச் சாக்கில் அமுக்கிக்கொண்டிருந்தான். ரூம் பழையபடி செங்கல் சுவராகிக்கொண்டு வந்தது. நடுநடுவே அவன் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

கிரேஸ் கவரை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள். தானியேல் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

“நானும் வரேன். நான் பேசிக்கறேன்” என்றான்.

அதைக் கேட்டதும் அவளுக்கு உள்ளே எதுவோ ஒன்று கொஞ்சம் இளகத்தான் செய்தது. மனுஷன் கடைசியில் வாயைத் திறக்கிறான் என்று நினைத்தாள். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் டாக்டரம்மா சாயங்காலம் கிளினிக் வைத்திருந்தாள். கூட்டம் அதிகமில்லை. வீட்டுச் சுவரில் இதை அடைத்திருந்ததிலிருந்து, பிள்ளைக்கும் சேர்த்துச் சொறி மருந்து தடவியது வரைக்கும் கிரேஸ் சொன்னாள். கவரைப் பிரித்துப் பார்த்தவள் ஒரு இடுக்கியால் பஞ்சில் கொஞ்சம் பிய்த்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். பிறகு கிரேஸின் விரலைத் தன் விரலால் பிடித்து விளக்குக்கு நேராகத் திருப்பினாள்.

“கண்ணாடிம்மா இது. கண்ணாடியத்தான் நூல் நூலா இழுத்து வெச்சிருக்காங்க. உங்க தோல்ல குத்திக்கிட்டு நிக்குது. நோயே இல்லை. யாருக்கும் ஒட்டாது.” நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். “இத்தனை நாளா சொறி மருந்து தடவிக்கிட்டு இருந்தீங்களா? குழந்தைக்குமா? கடவுளே.”

பச்சைத் தண்ணீர், தடவுவதற்கு ரோஸ் நிற மருந்து, துணிகளைத் தனியாக அலச வேண்டியது, எல்லாம் சொன்னாள். கம்பெனிச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தாள். கிரேஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இவ்வளவுதானா என்று இருந்தது. அந்த முத்திரையின் ஈரம் காய்கிற வரைக்கும் ஊதினாள்.

எழுந்து கதவருகே போனபோது டாக்டரம்மா கேட்டாள்.

“ஒரு நிமிஷம். இதை வீட்டுக்குப் போடுறதுக்கு யார் விக்கிறது? நாளைக்கு இன்னொரு வீட்ல குழந்தை படுக்கிற ரூம்ல போய் ஒட்டுவான். சுகாதார ஆபீஸருக்கு நானே போன் பண்றேன். கடைப் பேரு சொல்லுங்க.”

கிரேஸ் தானியேலைப் பார்த்தாள். இதற்குத்தானே வந்தான்.

“பஜார்ல வாங்கனது மேடம்” என்றான் தானியேல். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. “நூர் அகமது பாய் கடையில.”

டாக்டரம்மா பெயரை எழுதிக்கொண்டு போனைப் பக்கத்தில் இழுத்தாள்.

நூர் அகமது பாய் பழவேற்காட்டிலிருந்து வந்து பஜாரில் ஆணி, கீல், பெயின்ட் விற்கிறவர். கண்ணாடிப் பஞ்சை அவர் கண்ணால் பார்த்திருப்பாரோ என்னவோ. போன வாரம் கிரேஸ் பூட்டு வாங்கப் போனாள். மற்றக் கடைக்காரர்கள் எல்லாம் அவள் கையைப் பார்த்துவிட்டுச் சில்லறையைப் பலகை மேல் வைத்துத் தள்ளிவிட்டார்கள். பாய் மட்டும் அவள் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்து, நோவு எப்படி இருக்கிறது, தூங்க முடிகிறதா என்று கேட்டார்.

தானியேல் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். “வா போவலாம். வேலை முடிஞ்சுதில்ல” என்றான் வாய்க்குள். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

கையில் சீட்டு இருந்தது. திங்கட்கிழமை அதைக் காட்டினால் போதும். இவர்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சுகாதார ஆபீஸர் வந்து பாய் கடையைக் கலைத்துப் போட்டுத் தேடுவார், பஜார் வேடிக்கை பார்க்கும், அப்புறம் ஒன்றுமில்லை என்று போய்விடுவார். போய்விடுவாரா?

டாக்டரம்மா எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.

கிரேஸ் திரும்பி வந்து, முத்திரை குத்திய சீட்டை மேஜை மேல் வைத்தாள்.

“போன் பண்ணாதீங்க டாக்டரம்மா. பாய் கடையில வாங்கல.”

டாக்டரம்மாவின் விரல் நின்றது. “பின்ன எங்க?”

தானியேல் கதவை நோக்கி நகர்ந்தான். கிரேஸ் அவனுக்கு முன்னால் போய்க் கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். ஃபேன் காற்றில் சீட்டு மேஜையில் படபடத்தது. டாக்டரம்மா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, புருஷனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் சொல்ல மாட்டேன்” என்றாள் கிரேஸ். “இவரு சொல்லுவாரு. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல.”